பிளாஸ்மாவும் பத்தாம் நாளும்

இறால் ஓட்டுல இருந்து எடுக்கிற கைட்டோசான் படலம்தான் என் முதுகலை ஆய்வு. ஆக்சிஜன் பிளாஸ்மாவுல ரெண்டு நிமிஷம் வெச்சா, முத்து மாதிரி நின்ன தண்ணித்துளி பரவிடுது. தொடுகோணம் 85 டிகிரியில இருந்து 35. மேல சில நானோமீட்டர்ல மட்டும் ஆக்சிஜன் தொகுதிகள் ஒட்டிக்குது, உள்ள எதுவும் மாறாது. நானும் குதிச்சேன்.

பத்து நாள் கழிச்சு அதே படலத்தை அளந்தா 60! ஒட்டின தொகுதிகள் மெல்ல உள்பக்கம் திரும்பிடுது. தெரிஞ்ச சங்கதிதான். ஆனா, "முதல் நாள் எண்ணே போதும், வரைபடம் கெட்டுடும்"ங்கறாங்க லேப்ல.

காயத்துக்குக் கட்டுற பொருள்னு எழுதிட்டு, அது மாசக்கணக்குல பெட்டியில கிடக்கும்ங்கறத மறந்தா எப்படி மக்களே? என் ஆய்வேட்டுல பத்தாம் நாள் எண்ணும் இருக்கும். மதிப்பெண் குறைஞ்சா குறையட்டும்.