கொழுந்து கற்பிக்கும் இரசாயனவியல்

மலையக மாணவர் தாக்க வீதத்தையும் மீளுந் தாக்கத்தையும் மனனஞ் செய்து ஒப்புவிக்கக் காண்கின்றோம். மனனம் பரீட்சையோடு மறைந்துவிடும். தமிழாசிரியராகிய நாம் இதுபற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகலாம். ஆயினும், சொல்லுக்குப் பொருள் காட்டுதல் எம் தொழிலன்றோ?

பொருள் அட்டன் தேயிலைத் தொழிற்சாலைகளிலேயே உளது. உருட்டிய கொழுந்து நொதியத்தின் துணையால் ஒட்சிசனுடன் தாக்கமுற்றுச் செந்நிறமடைகின்றது. அளவாகச் சூடு மிகின் தாக்கம் விரையும், குளிரின் தாமதிக்கும், உலர்த்தும் வெப்பத்தில் நொதியம் செயலிழக்க, நின்றுவிடும். சிவந்த கொழுந்து மீண்டும் பச்சையாவதில்லை.

மீளுந் தன்மையோ கோப்பையில் உளது. கடுஞ் சாயத் தேநீர் ஆறுகையில் கலங்கும். கஃபீனும் சாயப் பொருள்களும் பிணைவதே காரணம். சூடாக்கின் அவை பிரிய, தேநீர் தெளியும். வெப்பநிலை மாறின் சமநிலையும் இடம்பெயரும் என்பதை விளக்கும் இலே சற்றலியரின் 1884ஆம் ஆண்டுத் தத்துவத்திற்கு இதனினும் அணிய சான்று வேண்டுமோ?

ஆய்வுகூடம் வேண்டாமென்பதன்று எம் கருத்து. அதனோடு இதுவும் வேண்டும். தொழிற்சாலைகளிற் பணிபுரியும் பழைய மாணவர் எம் மாணவருக்குக் கதவு திறப்பாராக. பெற்றோரின் கைத்தொழிலில் விஞ்ஞானத்தைக் கண்ட மாணவன் பாடத்தை மறவான். அவர்தம் உழைப்பையும் இகழான்.