ஆள் தெரிஞ்சா போதுமா?

எங்க பக்கத்துல யாருக்காவது திடீர்னு உடம்புக்கு முடியலைன்னா, "என்ன ஆச்சு?" என்பதற்கு அடுத்த கேள்வியே "ஸ்டான்லியில யாராவது ஆள் தெரியுமா?" என்பதுதான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கே போனாலும் இதே கதை. கவுன்சிலர் வீட்டுக்கு ஒருத்தர் ஓடுவார். வார்டு பாயோட மச்சான் நம்பரை இன்னொருத்தர் தேடுவார். நம்பர் கிடைத்த பிறகுதான் ஆட்டோ கிளம்பும். அதற்குள் இருபது நிமிடம் போயிருக்கும்.

இந்த "ஆள் தெரியணும்" வியாதியைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் திட்டப் போகிறேன். சிபாரிசு பிடிப்பதில் டாக்டர் பட்டம் வாங்கிய வகுப்பு நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம் :-)

எமர்ஜென்சி வார்டு ரேஷன் கடை கியூ மாதிரி நடக்கிற இடம் இல்லை. முதலில் வந்தவருக்கு முதலில் என்கிற கணக்கு அங்கே கிடையாது. யார் உயிருக்கு அதிக ஆபத்தோ அவர்தான் முதலில். இந்த முறைக்கு ட்ரயாஜ் என்று பெயர். நெப்போலியன் படையில் இருந்த லாரே என்கிற அறுவை மருத்துவர் இதற்கு முன்னோடி. காயம் எவ்வளவு மோசம் என்று மட்டும் பார், தளபதியா சிப்பாயா என்று பார்க்காதே என்பது அவர் வைத்த விதி. ராணுவத்திலேயே பதவி பார்க்காதே என்று ஒருவர் சொல்லி இருநூறு வருஷம் ஆகிவிட்டது. நாம் இன்னும் கவுன்சிலர் நம்பர் தேடிக்கொண்டிருக்கிறோம்!

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதற்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் வைத்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் சீக்கிரம் பார்க்க வேண்டும், ஆனால் இந்த நிமிடமே உயிர் போகாது. பச்சை என்றால் காத்திருக்கலாம்.

இப்போது சிபாரிசைக் கணக்குப் போடுங்கள். உங்கள் ஆள் சிவப்பு என்றால் எந்த போனும் இல்லாமலே அவரை முதலில் பார்ப்பது டாக்டரின் கடமை. உங்கள் ஆள் பச்சை என்றால், நீங்கள் போட்ட போன் என்ன செய்யும்? வேறு ஒருவரைப் பின்னால் தள்ளும். அந்த ஒருவர் கன்டெய்னர் லாரியில் அடிபட்டு வந்தவராக இருக்கலாம். படகில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த காசிமேட்டு மீனவராக இருக்கலாம். நாம் வெட்டிய கியூவில் யார் நின்றார்கள் என்று நாம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. "நம்ம செல்வாக்குல காரியம் முடிஞ்சுது" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் ஸ்டான்லியின் பூர்வகதையே வேறு. 1782-ல், போரும் பஞ்சமுமாக இருந்த காலத்தில், போக்கிடம் இல்லாமல் மதராசுக்கு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. பெரியவர்கள் அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொல்வார்கள். இந்த ஊரில் யாரையுமே தெரியாதவர்களுக்காக ஆரம்பித்த இடத்தில் நுழைய நாம் ஆள் தேடுகிறோம். கொடுமைதான்.

நிற்க. "பேசறது ஈஸி தம்பி, உள்ள போய்ப் பாரு, நாய்கூட சீண்டாது" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நோயாளியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வெளியே நிற்கிற சொந்தக்காரருக்கு ஒரு தகவலும் வராது. பின்னால் வந்தவரை ஏன் முதலில் கூட்டிப்போனார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் "ஓரமா நில்லுங்க" என்று பதில் வரும். காரணம் தெரியாமல் காத்திருப்பவனுக்கு எல்லாமே லஞ்சமாகவும் சிபாரிசாகவும்தான் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுச் சொல்லவே அவன் ஒரு ஆளைத் தேடுகிறான். இது மருத்துவமனையின் தவறு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்றால் என்னவென்று தமிழில் பெரிய எழுத்தில் வாசலில் ஒரு போர்டு வைக்க எத்தனை கோடி ஆகும்? அரை மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து நிலைமை சொல்ல ஒரு ஆளைப் போட்டால் பாதி சிபாரிசு தானாக ஒழியும்.

அது நடக்கும்போது நடக்கட்டும். நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. ஆளைத் தெரிந்துவைப்பதைவிட இவை உதவும்.

முதலில் நேரம். நெஞ்சு வலித்தால் நம் வீடுகளில் "வாயு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சோடா, இஞ்சிச் சாறு, அப்புறம் தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி. மாரடைப்பாக இருந்தால் இதற்குள் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது எல்லாம் பக்கவாதத்தின் அறிகுறிகள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி "எப்போ ஆரம்பிச்சது?" என்பதாக இருக்கும். "காலையிலேர்ந்தே ஒரு மாதிரி இருந்தாரு" என்பது பதில் இல்லை. மணி பார்த்து வையுங்கள்.

இரண்டாவது, 108. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, காசு கிடையாது. எண்ணூரிலிருந்து ஸ்டான்லிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் அந்தத் தூரம் என்ன ஆகும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஆம்புலன்ஸும் அதே ரோட்டில்தான் வர வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஆக்சிஜன் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே வருகிறார். ஆட்டோவில் மடியில் சாய்த்துக்கொண்டு அழ மட்டும்தான் முடியும்.

மூன்றாவது, கையில் கொண்டுபோக வேண்டியவை. சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள், பழைய சீட்டுகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரம். "சுகருக்கு ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. விஷம் குடித்திருந்தால் அந்த பாட்டிலையும் எடுத்துப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய், ஆசிட் மாதிரி ஆனால் அது இன்னும் கெடுதல். மானம் போகும் என்று டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். குடித்திருந்தால் குடித்தார் என்றே சொல்லுங்கள்.

நான்காவது, சட்டம். "போலீஸ் கேஸ், இங்க பார்க்க மாட்டோம்" என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, போலீஸ் நடைமுறை பிறகு என்று 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1996-ல் இன்னொரு தீர்ப்பு. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று கல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. அவசர சிகிச்சை தர அரசு தவறினால் அது உயிர் வாழும் உரிமையையே மீறுவது என்று சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கும் பாதுகாப்பு உண்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சாலை விபத்தில் உதவியவரைப் பெயர் சொல்லியே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஐந்தாவது நம் ஏரியாவுக்கே உரியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பலரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. எந்த வாயு, எந்தப் பக்கம் ஓடணும், கண்ணை எதால் கழுவணும் என்று அந்த நேரத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? (கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டுப் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும்.) அபாயகரமான ரசாயனங்கள் வைத்திருக்கும் ஆலைகள் பற்றிய 1989-ம் ஆண்டு விதிகளின்படி, பெரிய விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சுற்றிலும் இத்தனை ஆலைகள் இருக்கின்றன. உங்கள் தெருவுக்கு அப்படி யாராவது வந்து சொன்னார்களா? என்ன வாயு என்று தெரிந்தால்தான் டாக்டரும் சரியாக வைத்தியம் பார்க்க முடியும்.

கவுன்சிலரிடம் போன் போட்டே தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தாராளமாகப் போடுங்கள். ஆனால் உங்க மாமாவுக்கு பெட் கேட்டுப் போடாதீர்கள். எமர்ஜென்சி வாசலில் தமிழ் போர்டு எங்கே, ஆலைக்காரன் எங்க தெருவுக்கு எப்போ வந்து சொல்லப்போறான் என்று கேட்டுப் போடுங்கள். பத்து தெருவிலிருந்து பத்து போன் போனால் அவருக்கும் வேறு வழி இருக்காது.

டிஸ்கி: நான் மருத்துவ மாணவன் இல்லை. இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே வைத்தியம் பார்க்க உட்காராதீர்கள். முதலில் 108.