முப்பத்துநான்கும் இருநூற்றெண்பத்துமூன்றும்



ஒரு மனிதன் தன் தாலந்தின் உச்சியை இருபத்திரண்டாம் வயதிலேயே தொட்டுவிட்டு, அதன்பின் எழுபத்துமூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தால், அந்த நீண்ட காலத்தை நாம் என்ன பெயரிட்டு அழைப்பது? ‘மீதி வாழ்வு’ என்றுதான் உலகம் அழைக்கிறது. அந்தப் பெயர் தவறு என்று நான் எண்ணுகிறேன். அமெரிக்காவின் ஜோ வுட் என்னும் பேஸ்பால் ஆட்டக்காரரை முன்வைத்து இதைச் சொல்ல விரும்புகிறேன்.

பேஸ்பாலில் ‘பிட்சர்’ எனப்படுபவர் கிரிக்கெட்டின் வேகப்பந்து வீச்சாளருக்கு ஒப்பானவர். ஆனால் ஓடிவந்து வீசுவதில்லை. சிறு மேட்டின்மேல் நின்றபடியே எறிகிறார். ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அவர் பெயரிலேயே எழுதப்படும். 1912-ஆம் ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக வுட் எறிந்து வென்றவை 34. தோற்றவை வெறும் 5. தொடர்ச்சியாக 16 வெற்றிகள். செப்டம்பரில், அக்காலத்தின் மாபெரும் பிட்சரான வால்டர் ஜான்சனை நேருக்கு நேர் சந்தித்து 1–0 என்று வென்றார். பிறகு உலகத் தொடரிலும் மூன்று வெற்றிகள். பந்தின் வேகத்தைக் கண்டு ‘ஸ்மோக்கி ஜோ’ என்றே மக்கள் அவரை அழைத்தனர்.

மறு ஆண்டு ஈரப்புல்லில் வழுக்கி விழுந்தார். எறியும் கையின் கட்டைவிரல் முறிந்தது. அதன்பின் தோளில் வலி குடியேறிற்று. வலியோடும் 1915-இல் தம் லீகிலேயே மிகக் குறைந்த ஓட்ட விகிதத்தைப் பதித்தார் என்பது வியப்புக்குரியது. எனினும் 1916 முழுவதும் அவர் களமிறங்கவில்லை. பின்பு கிளீவ்லாந்து அணிக்குச் சென்று, பந்தெறிவதை விட்டு மட்டையைப் பிடித்து, வெளிக்களத்தில் நின்று ஆடினார். 1920-இல் அந்த அணி உலகத் தொடரை வென்றபோது அவரும் அதில் இருந்தார்.

இந்த இடத்தில் ஒரு பிரசங்கத்தை எழுதுவது வெகு சுலபம். பிரசங்கிகளாகிய எங்களுக்கு அந்தச் சோதனை எப்போதும் உண்டு. ‘பயிற்சியாளராக வேண்டும் என்பதற்காகவே அந்த விரல் முறிந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். யோபுவின் நண்பர்களும் இப்படித்தான் ஏதாவது ஒரு காரணத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். ஆனால் வுட்டின் வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. விரல் முறிந்ததற்கும் அவர் யேல் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததற்கும் இடையே பத்து ஆண்டுகள் கிடக்கின்றன. மேலும், 1922-இல் அவருடைய மட்டை நன்றாகவே பேசிக்கொண்டிருந்தது, விளையாடியிருக்கலாம். குடும்பத்தோடு இருக்க விரும்பியே தொழில்முறை ஆட்டத்தை விட்டு வெளியேறினார். வேறு வழியின்றி ஒதுங்கியவர் அல்லர், தெரிந்தெடுத்தவர்.

1923-இல் யேலில் சேர்ந்து இருபது ஆண்டுகள் பணியாற்றினார். கல்லூரிப் பயிற்சியாளரின் வேலை விசித்திரமானது. ஒரு பையனுக்கு நிற்கவும் எறியவும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்து, அவன் தேர்ந்து வரும் வேளையில் பட்டம் பெற்றுப் போய்விடுவான். நான்கே ஆண்டுகளில் முழு அணியும் புதிதாகிவிடும். அவர்களில் மிகப்பெரும்பாலோர் இந்த ஆட்டத்தால் ஒரு காசும் சம்பாதிக்கப் போவதில்லை. வழக்கறிஞராகவோ வணிகராகவோ ஆகிவிடுவார்கள். எல்லாவற்றிலும் கடினமானது, ஆட்டம் கைநழுவும்போது பயிற்சியாளர் தாமே எழுந்து சென்று பந்தை வாங்கி எறிய முடியாது என்பதே. பிழை செய்யும் இருபது வயது இளைஞனை நம்பி அமர்ந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் தாமே 34 ஆட்டங்களை வென்ற மனிதருக்கு அந்த இருக்கை இலகுவாக இருந்திராது.

யேலில் அவர் பெற்ற கணக்கு: 283 வெற்றிகள், 228 தோல்விகள், ஒரு சமன். முப்பத்துநான்குக்கு ஐந்து என்ற மின்னலோடு ஒப்பிட்டால் இது சாதாரணமான எண். ஆயினும் எனக்கு இந்த எண்ணின்மேல்தான் மதிப்பு அதிகம். 228 முறை தோற்ற பிள்ளைகளோடு களத்திலிருந்து திரும்பி நடந்து, மறுநாளும் பயிற்சிக்கு வந்திருக்கிறார் அல்லவா?

அவரைப் பரிசுத்தவானாக்கும் நோக்கம் எனக்கில்லை. 1926-இன் இறுதியில் ஒரு பழைய விவகாரம் வெளிவந்தது. 1919-இல் நடந்த ஓர் ஆட்டத்தின்மேல் பணம் கட்டியதைப் பற்றி வுட் எழுதிய கடிதம் அம்பலமாயிற்று. அந்த ஆட்டத்தை விற்றார்கள் என்ற குற்றச்சாட்டிலிருந்து புகழ்பெற்ற டை காப், டிரிஸ் ஸ்பீக்கர் இருவரையும் பேஸ்பால் ஆணையர் விடுவித்தார். ஆனால் பந்தயப் பணத்தைப் பற்றிய கடிதம் வுட்டின் கையெழுத்திலேயே இருந்தது. இளைஞரை நடத்தும் பொறுப்பில் இருந்தவருக்கு அது சிறிய கறையன்று. யேல் அவரை வெளியே தள்ளவில்லை. அது சரியா? பல நாள் யோசித்தும் என்னால் முழுமனதோடு ஆம் என்று சொல்ல இயலவில்லை. ஆனால் அந்த ஒரு கடிதத்தோடு அவரை முடித்துவிட்டிருந்தால், பின்வந்த பதினைந்து ஆண்டுகளின் மாணவர்கள் அவரிடம் கற்றிருக்க மாட்டார்கள் என்பதையும் தள்ளிவிட முடியவில்லை.

1985 ஜனவரியில், சாகுமுன், யேல் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. அளித்தவர் பல்கலைக்கழகத் தலைவர் பார்ட் ஜியாமாட்டி. இதே ஜியாமாட்டிதான் 1989-இல் பேஸ்பால் ஆணையராக, சூதாட்டத்தின் காரணமாகப் பீட் ரோஸை வாழ்நாள் முழுதும் விலக்கினார். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று வாசகர்களே யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1981 மே மாதத்தில், யேல் மைதானத்தில் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஓர் ஆட்டம் நடந்தது. யேலின் ரான் டார்லிங் 11 சுற்றுகள் வரை எதிரணிக்கு ஒரு ‘ஹிட்’ கூட விடாமல் எறிந்தார். மறுபுறம் பிராங்க் வயோலாவும் ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் சுற்றில் யேல் 1–0 என்று தோற்றது. டார்லிங்குக்கு அப்போது இருபது வயது. அன்று பார்வையாளர் வரிசையில், எழுத்தாளர் ரோஜர் ஏஞ்சலின் அருகே, 91 வயது ஜோ வுட் அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.