மறைச்சு வெச்ச அட்மினை அப்படியே விடுங்க சாமி!

"விண்டோஸ்ல ரகசியமா ஒரு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு இருக்கு, அதை ஆன் பண்ணிட்டா நீங்கதான் ராஜா!" இந்த உபதேசத்தை இன்னும் எத்தனை வருஷம் கேக்கறது?

முதல்ல அது ரகசியமே இல்லை மக்களே. எக்ஸ்பி ஹோம்ல சேஃப் மோடுக்குப் போனாலே எட்டிப் பார்க்கும். 2007-ல் வீடுகளுக்கு வந்த விஸ்டாவிலிருந்துதான் அதை முடக்கி வெச்சே அனுப்பறாங்க.

சரி, ஆன் பண்ணா என்ன கிடைக்கும்? வேகமா? ம்ஹூம். எதையாவது இன்ஸ்டால் பண்ணும்போது திரை மங்கி "அனுமதிக்கலாமா?"ன்னு ஒரு பெட்டி வருமே, இந்தக் கணக்குல அது வழக்கமா வராது. அவ்ளோதான் லாபம்!

அந்தப் பெட்டி உங்களை மட்டுமா நிறுத்துது? தம்பி இறக்கின கிராக் கேமையும், அதுக்குள்ள ஒளிஞ்சு வர்ற சனியனையும் சேர்த்துத்தான் நிறுத்துது. அதே கம்ப்யூட்டர்லதான் அப்பா பேங்க் வேலையும் பாக்கறார். வாட்ச்மேனைத் துரத்திட்டு "கேட் சுலபமா தொறக்குது"ன்னு பெருமைப்படறது என்ன புத்திசாலித்தனம்?

இன்னொரு கூத்து. ஆன் பண்ணச் சொல்றவங்க, பெரும்பாலும் அதுக்குப் பாஸ்வேர்டே இருக்காதுன்னு சொல்றதில்லை. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்ற யார் வேணா உள்ள போகலாம்.

உங்க கணக்கு கெட்டுப்போய் ரிப்பேர் பண்ணணுமா? தாராளமா ஆன் பண்ணுங்க, பாஸ்வேர்டு வைங்க. வேலை முடிஞ்சதும் "நெட் யூசர் அட்மினிஸ்ட்ரேட்டர் /ஆக்டிவ்:நோ" போட்டு மூடுங்க. 'யெஸ்' சொல்லிக் கொடுக்கற புண்ணியவான்களே, அந்த 'நோ'வையும் சேர்த்துச் சொல்லுங்கய்யா!