விழுங்கும் கண்

மாத்திரை என்றால் நோயைத் தீர்ப்பது என்றுதான் நாம் அறிவோம். நோயைத் தீர்க்காமல், வயிற்றுக்குள் போய்ப் பார்த்து வருவதையே தொழிலாகக் கொண்ட மாத்திரையும் இன்று உண்டு.

இதன் பிறப்பு விசித்திரமானது. ஏவுகணைகளுக்குக் கண் அமைக்கும் வேலையில் இருந்த இஸ்ரேல் தேசத்து எஞ்சினீயர் காவ்ரியேல் இத்தான், 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குடல்நோய் வைத்தியர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தார். சிறுகுடல் முழுவதையும் உள்ளே கண்டறிய வழியில்லை என்று வைத்தியர் குறைப்பட்டார். அந்தப் பேச்சில் விழுந்த வித்து முளைக்க இருபது வருஷங்கள் ஆயின. 2001-இல் சிறுகுடல் மாத்திரைக்கு அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதி கிடைத்தது. பெருங்குடலுக்கான மாத்திரை பின்னர் வந்தது.

அது சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ளது. இரு முனைகளிலும் காமிராவும் விளக்கும் உண்டு. போகும் வழியெல்லாம் படம் பிடித்து, உடலோடு கட்டிய சிறு பெட்டிக்குக் கம்பியில்லாமலே அனுப்பிவிட்டு, இயற்கையான வழியில் வெளியேறிவிடுகிறது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2021-இல் 11,000 பேருக்கு இதனைக் கொடுத்துப் பார்க்கும் முயற்சியைத் தொடங்கியது.

இவ்வளவு பிரயாசை எதற்கு? பெருங்குடற் புற்றுநோய் பெரும்பாலும் ஒரு சிறு சதைமொட்டாகவே ஆரம்பிக்கிறது. அது நஞ்சாக மாறப் பல வருஷங்கள், சாதாரணமாகப் பத்து வருஷங்கள்கூட ஆகும். அதற்குள் கண்டு அகற்றிவிட்டால் அந்த மொட்டிலிருந்து நோய் தோன்ற வழியில்லை. இத்தனை நீண்ட தவணை கொடுக்கும் கொடிய வியாதிகள் அதிகமில்லை. ஆனால் ஆசனவாய் வழியே குழாய் செலுத்துவார்கள் என்றதும் மனிதர்கள் கூசுகிறார்கள். ரத்தம் கண்டாலும், "மூலந்தான், உடம்புச் சூடு" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு அந்தத் தவணையை வீணாக்குகிறார்கள்.

மாத்திரை வந்ததனால் குழாய்க்கு வேலை போய்விட்டது என்று எண்ணிவிடலாகாது. பேதி மருந்து உண்டு குடலை முற்றும் சுத்தம் செய்யாவிடில் மாத்திரைக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும், அதற்குக் கண் உண்டேயொழியக் கை இல்லை. மொட்டை அறுத்தெடுக்கக் குழாயே வரவேண்டும்.

ஆகவே, எந்தப் பரிசோதனை ஏற்றது என்பதை வைத்தியர் சொல்லட்டும். அவரிடம் வாய் திறந்து சொல்லவேண்டியது நம் பொறுப்பு. மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால் வெட்கத்தை விழுங்கியாக வேண்டும்.