ஒரே பந்தி, கல்லறை வரைக்கும்



1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று வெவ்வேறு மரபுகளிலிருந்து வந்தவர்கள் ஒன்றானார்கள். வழிபாட்டு முறையில் வேறுபட்டவர்களால் கைகோக்க முடிந்தது. சாதியில் வேறுபட்டவர்கள் இன்னும் முழுதாகக் கைகோக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்து உண்ணும் நெல்லைச் சீமை அசனப் பண்டிகையை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எங்கள் ஊரில் அரிசியும் தேங்காயும் வீடு வீடாக வந்து சேரும். விடிய விடிய அண்டாக்களில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும். குருவானவரும் கூலி வேலைக்காரரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவார்கள். ஒரு சபை எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே அன்று இருக்கும். அது ஒருநாள் கூத்தாக முடியக் கூடாது. சம்பந்தம் பேசும் வீட்டிலும், சபை நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தலிலும், கல்லறைத் தோட்டத்திலும் அதே பந்தி தொடர வேண்டும்.

இன்னும் சில ஆசைகள் உண்டு. காணிக்கைக் கணக்கை மாதந்தோறும் ஆலய வாசலில் ஒட்டலாம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட, தனித்திருக்கும் முதியவர்களை ஆராதனை முடிந்ததும் நாலு பேர் போய்ப் பார்க்கலாம். கோபுரத்துக்கு வர்ணம் பூசும் பணத்தில் ஒரு பங்கு ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போகட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, கல்லறைத் தோட்டத்தில் சாதிப் பிரிவினை எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியார் அடுத்த கூட்டத்திலேயே அதை நீக்கத் தீர்மானம் போடும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை