தோட்ட முதலாளி அமைச்சரானபோது



தொழிலில் பணம் சம்பாதித்தவர்கள் அரசியலுக்கு வந்தால் நம்பலாமா என்று தாப்பாவிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. பீடோரில் இருந்துகொண்டு இதற்குப் பதில் தேட நான் அதிக தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்கே துன் சம்பந்தன் என்றுதான் பெயர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாலையே அந்தப் பெயரில் இருக்கிறது. அவர் அமைச்சராக இருந்தார் என்று பிள்ளைகளும் சொல்வார்கள். ரப்பர் தோட்ட முதலாளியின் வீட்டில் பிறந்து, கைநிறையச் சொத்தோடு அரசியலுக்குள் வந்தவர் என்பது பெரியவர்களில் பலருக்கே தெரியாது.

தந்தை வீராசாமி 1896-இல் மலாயாவுக்கு வந்தவர். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் நட்டவர்களில் முன்னோடி. தம் சகோதரர் பெரியசாமியுடன் சேர்ந்து அந்த ஊருக்கு முதல் பள்ளி வரக் காரணமாக இருந்தவர். சம்பந்தன் பிறந்தது 1919 ஜூன் 16. கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்துவிட்டு, பட்டப்படிப்புக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். அந்நாளில் அங்கே இருந்த இளைஞர்களை இந்தியச் சுதந்திரப் போராட்டம் தொடாமல் விட்டதில்லை, அவரையும் தொட்டது.

போருக்குப் பின் ஊர் திரும்பியவருக்குக் கணக்கும் தோட்டமும் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்க எல்லா வசதியும் இருந்தது. ஆனால் ஊர் நிம்மதியாக இல்லை. 1948 ஜூன் 16 அன்று, அவருக்கு 29 வயது நிறைந்த அதே நாளில், சுங்கை சிப்புட் தோட்டங்களில் வெள்ளைக்கார நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலம் அங்கேதான் மூண்டது. தொழிலாளியின் வாழ்க்கை கெட்டால் முதலாளியின் வாசலும் தப்பாது என்பதை ஒரு தோட்டக்காரர் பிள்ளைக்கு இதைவிட அருகில் யார் காட்ட முடியும்?

1954-இல் தம் ஊரில் மகாத்மா காந்தி கலாசாலையை எழுப்பினார். திறந்து வைத்தவர் நேருவின் சகோதரி விஜயலட்சுமி பண்டிட். அடுத்த ஆண்டே மலாயா இந்தியக் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவரானார். அதுவரை அந்தக் கட்சியை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் படித்த நகரத்துக்காரர்கள். வக்கீல் ஜான் திவி 1946-இல் தொடங்கிய கட்சி அது. தோட்டத்துத் தமிழர் அதற்குள் திரளாக வந்தது சம்பந்தன் காலத்தில்தான். அந்த மக்களிடம் தமிழிலேயே பேசத் தெரிந்த தலைவர் அவர். கட்சியிடம் காசு இல்லை. தந்தை விட்டுப்போன சுமார் 600 ஏக்கர் தோட்டத்தில் ஏறக்குறையப் பாதியை விற்றுக் கட்சியை நடத்தினார் என்பது வரலாற்றில் பதிவானது. மாணவியின் கேள்விக்கு என் பதிலில் முக்கால் பங்கு இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. அரசியலுக்கு வரும்போது எவ்வளவு வைத்திருந்தார் என்று மட்டும் பார்க்காதே அம்மா, இறங்கும்போது எவ்வளவு வைத்திருந்தார் என்றும் பார்.

1955 பொதுத்தேர்தலில் ம.இ.கா. இருந்த கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. வடகிந்தாவில் நின்று வென்ற சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். பிறகு சுகாதாரம், 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, கடைசியாகத் தேசிய ஒற்றுமை. இவற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் நிற்க விரும்பும் இடம் வேறு.

ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் பால் வெட்டிப் பிழைக்க வாங்கவில்லை. சில பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு தோட்டத்தை மொத்தமாக வாங்கி, சிறு சிறு துண்டுகளாக நறுக்கி விற்றார்கள். துண்டு போட்டு விற்றால் ஏக்கருக்குக் கூடுதல் விலை. அன்று 100 ஏக்கருக்குக் குறைந்த நிலம் தோட்டம் என்ற கணக்கிலேயே வராது. தோட்டம் இல்லையென்றால் குடியிருப்பு, ஆயாக்கொட்டகை, மருந்தகம் என்று முதலாளி தர வேண்டிய எதையும் தர வேண்டியதில்லை. நேற்று வரை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்றவர் இன்று குத்தகைக்காரனிடம் கூலிக்கு நிற்க வேண்டும், குடியிருந்த லயத்தையும் காலி செய்ய வேண்டும். இந்தத் துண்டாடலை ஆராய்ந்து எழுதியவர் பேராசிரியர் உங்கு அசிஸ். நம் பேராக்கில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சட்டம் போட்டு இதை நிறுத்தச் சொல்லிப் பலரும் கேட்டார்கள். சம்பந்தன் அதோடு நிற்காமல் ஒரு வியாபாரி யோசிப்பதுபோல் யோசித்தார். விற்பனைக்கு வந்த சொத்தைத் தொழிலாளிகளே வாங்கினால் என்ன? 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதை அருகிருந்து வளர்த்தவர் கே.ஆர். சோமசுந்தரம். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார்கள். நாள் கூலியே சில வெள்ளிதான் இருந்த காலம் அது. தீபாவளிக்குச் சேலை வாங்க வைத்திருந்த காசைக் கேட்டு, தலைமுறை தலைமுறையாகச் சொந்த நிலமே காணாத ஒருவரிடம் "நீ தோட்டம் வாங்கப் போகிறாய்" என்று சொல்லி நம்ப வைக்க எவ்வளவு பேச வேண்டியிருந்திருக்கும்! ஆனாலும் கொடுத்தார்கள். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பின்னர் வேறு தோட்டங்களும் வந்தன. நிலத்தின் விலை, மரத்தின் வயது, பாலின் வரவு, கடன் தவணை எல்லாம் அறிந்த தோட்டக்கார மூளை அங்கே ஏழைக்கு வேலை செய்தது. அவர் வகித்த அமைச்சுகள் எல்லாவற்றையும்விட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

கூட்டுறவு என்ற இந்த யோசனையின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே ரைஃபைசன் என்ற சிற்றூர் மேயர், வட்டிக்காரர்களிடம் சிக்கிய விவசாயிகளுக்காக 1864-இல் ஹெடெஸ்டோர்ஃபில் கடன் சங்கம் தொடங்கினார். பார்வை மங்கிப் பதவியை விட்டபின் வயிற்றுப்பாட்டுக்கு மது வணிகம் செய்தார். அரசியலிலிருந்து தொழிலுக்குப் போனவர் அவர். அந்தச் சங்கங்களை ஆராயச் சென்னை அரசு அனுப்பிய ஃபிரெடெரிக் நிக்கல்சன் 1895-இல் அறிக்கை கொடுத்தார். 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் வந்தது, 1922-இல் மலாயாவிலும் வந்தது. ஜெர்மன் கிராமத்தின் சிறுசேமிப்பு இப்படித்தான் நம் லயங்களுக்கு வந்து சேர்ந்தது.

சம்பந்தனிடம் குறை இல்லையா? உண்டு. தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை தொழிலாளர் அமைச்சராக இருப்பதே பொருந்துமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், நியாயமான கேள்விதான். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கான வேலை அனுமதிச் சட்டம் அமலுக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த பல்லாயிரம் தோட்டத் தமிழர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அமைச்சரவையில் இருந்தும் அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. அந்தக் குடும்பங்களின் வருத்தம் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. கட்சிக்குள் எதிர்ப்பு வலுத்து 1973-இல் தலைமையை மாணிக்கவாசகத்திடம் விட்டார். தேசிய ஒற்றுமை வாரியத் தலைவராக இருந்தபோதே 1979 மே 18 அன்று மறைந்தார்.

பீடோரைச் சுற்றி இப்போது ரப்பரைக் காண்பது அரிது, எங்கும் செம்பனை. பால்மரம் வெட்டியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவோ பாட்டியோ வைத்துவிட்டுப் போன நிலநிதிச் சங்கப் பங்குப் பத்திரம், பற்றுச்சீட்டு எதுவும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதைப் படமெடுத்து, அந்தப் பத்து வெள்ளியை அவர்கள் எப்படிச் சேர்த்தார்கள், எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எழுத முடியாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொடுங்கள். வரும் இதழ்களில் தொடர்ந்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்